தலையை எண்ணியது போதும், குட்டியையும் எண்ணுங்கள்

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், இலங்கை அணுசக்தி சபை, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் மற்றும் மிருக வைத்தியப் பிரிவுகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு எண்ணினோம். குரங்கு, மந்தி, மலையணில், மயில் என்று வீட்டுப் பக்கமும் தோட்டப் பக்கமும் வந்தவற்றைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். அதைப் பற்றி வந்த கேலிகளே போதும், என் பங்குக்கும் சேர்க்கப் போவதில்லை. ஆனால் தலையை எண்ணினால் எத்தனை இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். எத்தனை பிறக்கிறது, பிறந்ததில் எத்தனை தங்குகிறது, எந்தக் காட்டில் பெண் மிருகம் சினைப்படாமலே ஒரு பருவத்தைக் கடத்துகிறது என்பதெல்லாம் அந்தப் படிவத்தில் வராது. இந்த இரண்டாவது கணக்கைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக, கல்லிலும் சரளையிலும் கதிர்வீச்சை வெளிவிடும் தோரியம் இயற்கையாகவே கலந்து கிடக்கும் எங்கள் பலாங்கொடைப் பக்கத்து மலைகளில் அதை எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து மலையைத் தாண்டி இறங்கினால் பலாங்கொடை. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த அவரேதான், சேர் முத்து குமாரசுவாமியின் மகன். பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையில் கிடைத்த கனமான கறுப்புக் கற்களை அவர் கவனித்து அனுப்பியதில்தான் 1904இல் தோரியனைட் என்ற புதுக் கனிமம் உலகுக்குத் தெரிய வந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் அந்த இலங்கைக் கல்லைப் பிரித்துப் பார்க்கும்போது, தோரியம் சிதைவதில் பிறக்கும் ரேடியோதோரியம் என்ற கதிர்வீச்சுப் பொருளைக் கண்டுபிடித்தார். பின்னாளில் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டு நோபல் பரிசு வாங்கியவரும் இதே ஹான்தான். அணு யுகத்தின் வாசலில் எங்கள் ஆற்றுக் கல் ஒன்று கிடந்திருக்கிறது, பாடப் புத்தகத்தில் இது ஒரு வரியாவது வரலாம். எஹலியகொடையில் 1953இல் கிடைத்த எக்கநைட் என்ற பச்சைக் கல்லின் கதை இன்னும் விசித்திரம். அதற்குள் இருக்கும் தோரியமும் யுரேனியமும் கோடிக்கணக்கான வருஷமாக உள்ளேயிருந்தே அதன் படிக ஒழுங்கைக் குலைத்து, கல்லைக் கண்ணாடி போல ஆக்கிவிட்டன.

கல்லுக்கே இப்படியென்றால், அந்தச் சரளைக்குள் வளை தோண்டிக் குட்டி போடும் எலிக்கு என்ன ஆகிறது? கேள்வி இவ்வளவுதான்.

இதை வாசிக்கும் தோட்டத்து மக்கள் யாரும் பதற வேண்டாம். தோரியம் மிக மெதுவாகச் சிதைகிறது, பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,400 கோடி வருஷம் எடுக்கும். நாமும் நம் மிருகங்களும் அதோடு காலங்காலமாக வாழ்ந்து வருகிறோம். அணு உலை வெடித்து செர்னோபில் காட்டில் கொட்டிய சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் அப்படியல்ல. அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் காலம், 30 வருஷம், அங்குள்ள உயிர்களுக்கு அது ஒரே இரவில் வந்து விழுந்த புது விஷயம். இந்த வித்தியாசமே ஆராய்ச்சிக்குப் பெரிய காரணம். பல ஆயிரம் தலைமுறை பழகிய மிருகத்தின் உடம்பு என்ன செய்கிறது என்பதை செர்னோபிலில் பார்க்க முடியாது, இங்கே பார்க்கலாம்.

(டவர் வந்த பிறகு குருவி காணாமல் போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் கோபுரத்து அலை வேறு, இந்தக் கதிர்வீச்சு வேறு. கோபுரத்து அலைக்கு அணுவிலிருந்து இலத்திரனைத் தட்டிவிடும் பலம் கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் இந்தக் கோரிக்கையும் அந்தப் புரளிக் கணக்கில் சேர்ந்துவிடும்.)

சரி, செர்னோபில் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நமக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது. உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றினார்கள், காட்டு மிருகங்கள் அங்கேயே இருந்தன. அந்தக் காடு மிருகங்களுக்கு நல்லதா கெட்டதா என்று விஞ்ஞானிகள் இன்றைக்கும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஒரு பக்கத்தார் தகைவிலான் குருவிகளைப் பார்த்தவர்கள். அந்தப் பகுதிக் குருவிகளின் தொண்டையிலும் முகத்திலும் வெள்ளை இறகுத் திட்டுகள் அதிகம், பெற்றோரிடம் இல்லாத மரபணு மாற்றங்கள் குஞ்சுகளில் அதிகம் என்று 1997இல் எழுதினார்கள். அப்புறம் அந்தர்ஸ் மொல்லரும் திமோதி மூசோவும் வருஷக்கணக்காகப் போய், விந்தணுவில் கோளாறு, முட்டை குறைவு, பொரிப்பது குறைவு, கூடு கட்டாமலே திரியும் குருவிகள் கூடுதல் என்று அடுக்கினார்கள். எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது. தகைவிலான் மனிதரை அண்டி வாழும் குருவி. மாட்டுக் கொட்டில், வீட்டுக் கூரை, மாட்டைச் சுற்றும் பூச்சி, இவை இருந்தால்தான் அது தங்கும். ஆளும் மாடும் போன ஊரில் குருவி குறைந்ததற்குக் கதிர்வீச்சுதான் காரணமா, வெறிச்சோடிய ஊர்தான் காரணமா?

மறுபக்கத்தார் பெரிய மிருகங்களை எண்ணியவர்கள். பெலாருஸ் பக்கத்துக் காட்டில் ஹெலிகொப்டரிலிருந்தும் பனியில் பதிந்த தடத்தைக் கொண்டும் எடுத்த கணக்கு 2015இல் வெளியானது. மான் வகைகளும் காட்டுப்பன்றியும் கதிர்வீச்சு இல்லாத சரணாலயங்களுக்குச் சமமாக இருந்தன, ஓநாய் ஏழு மடங்கு. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். மனிதன் கதிர்வீச்சை விட மோசமானவன் என்று தலைப்புப் போட்டார்கள்.

இடையில் ஒரு சறுக்கலும் நடந்தது. செர்னோபில் காட்டெலிகளில் மரபணு மாற்றம் நம்ப முடியாத வேகத்தில் நடக்கிறது என்று 1996இல் உலகப் புகழ் பெற்ற ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. அடுத்த வருஷமே, மரபணு வரிசையை வாசித்ததில் பிழை என்று அந்த ஆய்வாளர்களே முன்வந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கட்டுரை போன தூரத்துக்கு வாபஸ் போகவில்லை.

பிறகு 2019இல் அதே எலி வகையை வைத்து இன்னொரு குழு பெரிய அளவில் பரிசோதனை செய்தது. என் கணக்கில் இந்த வாதத்தில் உருப்படியானவற்றில் இது முதலிடம். பல இடங்களில் எலிகளுக்குக் கூடுதல் தீனி வைத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு குறைந்த இடத்தில், அதாவது மணிக்கு சுமார் 1 மைக்ரோகிரேக்குக் கீழே (கிரே என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு, மில்லி என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), தீனி கிடைத்ததும் எலி பெருகியது. அதற்கு மேல் போன இடத்தில் தீனி வைத்தும் பலன் தெரியவில்லை. கதிர்வீச்சு கூடக் கூட இனப்பெருக்கம் நேர்கோட்டில் குறைந்தது, இதற்குக் கீழே பயமில்லை என்று சொல்லும் ஒரு எல்லையும் தட்டுப்படவில்லை.

யார் சொல்வது சரி? என் அபிப்பிராயத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஒரு காட்டில் மிருகம் நிறைய இருப்பதால் அங்கே பிறப்பு நன்றாக நடக்கிறது என்று ஆகிவிடாது. வேட்டை இல்லாத காட்டுக்குள் சுற்றுக் காடுகளிலிருந்து மிருகம் வந்து நிரம்பிக்கொண்டே இருக்கும். ஒரு ஈற்றில் ஒரு குட்டி குறைந்தாலும் ஹெலிகொப்டரிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. இன்னொரு பக்கம், விபத்துக்கு முந்திய கணக்கு மிகச் சொற்பம். எதோடு ஒப்பிடுவது? சண்டை இத்தனை வருஷம் இழுபட்டதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

குறைந்த அளவுக் கதிர்வீச்சு மிருகத்தை மலடாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. மனித ஆணுக்குத் தற்காலிக மலட்டுத்தன்மை வர, ஒரே தடவையில் சுமார் 0.15 கிரே பட வேண்டும், நாள்பட்டுச் சிறுகச் சிறுக என்றால் வருஷத்துக்கு சுமார் 0.4 கிரே என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு வைத்திருக்கும் கணக்கு. இயற்கையில் உலகச் சராசரி மனிதர் வருஷம் முழுக்கப் பெறுவது 2.4 மில்லிசீவேர்ட் (சீவேர்ட் என்பது கதிர்வீச்சால் மனித உடம்புக்கு வரக்கூடிய பாதிப்பைக் கணக்கிடும் அலகு). சாதாரண கதிர்களுக்கு இரண்டு அலகையும் ஏறத்தாழ ஒன்றாக எடுத்துக்கொண்டால், அந்த வருஷ எல்லைக்கும் இதற்கும் நூறு மடங்குக்கு மேல் இடைவெளி. ஆகவே குறைந்த அளவின் பாதிப்பு நோயாகக் கண்ணில் படாது. விந்தணுவை உண்டாக்கும் கலங்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பவை, அடி முதலில் அங்கேதான் விழும். முலையூட்டிகளில் பெரும்பாலும் பெண்ணின் முட்டைக் கலங்கள் பிறக்கும்போதே எண்ணிக்கை முடிவானவை, போனது போனதுதான். விளைவு இருந்தால் அது கருவிலேயே கரைந்து போன ஒரு சிசுவாக இருக்கும், நாலு போட வேண்டிய எலி மூன்று போட்டதாக இருக்கும், ஒரு பருவம் சும்மா போனதாக இருக்கும். உட்கார்ந்து எண்ணாமல் இதைப் பிடிக்க முடியாது.

கணக்கு வைத்திருக்கும் பெரியவர்களுக்கே சறுக்கல் வரும் என்பதற்கு பம்பிள் பீ என்னும் பெரிய தேனீ சாட்சி. தேனீ வகைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 100 மில்லிகிரே வரை வந்தால்தான் கவனிக்க வேண்டும் என்று அதே ஆணைக்குழு 2008இல் ஒரு அளவுப் பட்டை போட்டது. 2020இல் வெளியான ஆய்வுகூடப் பரிசோதனையில் மணிக்கு 100 மைக்ரோகிரே, அதாவது நாளுக்கு 2.4 மில்லிகிரே கொடுத்தபோதே புது ராணிகளின் எண்ணிக்கை 30 முதல் 45 சதவீதம் வரை குறைந்தது. போட்ட பட்டைக்கு எவ்வளவோ கீழே! எந்த உயிருக்கு எது தாங்கும் என்பதை அந்தந்த உயிரிடம்தான் கேட்க வேண்டும்.

எதிர்ச் சாட்சியையும் மறைக்கக் கூடாது. கேரளக் கடற்கரையில் மொனசைட் என்ற கனிமம் கலந்த மணலில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம், அதற்குக் காரணமும் இங்கே உள்ள அதே தோரியம்தான். 1960களில் ஹான்ஸ் க்ரூனபெர்க் என்ற பிரித்தானிய மரபியலாளரும் அவர் குழுவும் அங்கே கறுப்பு எலிகளைப் பிடித்து எலும்பு, பல் என்று பல அளவுகளை எடுத்துப் பக்கத்துப் பகுதி எலிகளோடு ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் மலையிலும் அதே பதில் வந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன். ஆனால் கடற்கரை மணல் எலியின் பதிலை மலைக்காட்டுத் தவளைக்கும் முள்ளம்பன்றிக்கும் அப்படியே எழுதிவிட முடியாது.

வளையில் வாழும் மிருகங்களைத் தனியாகச் சொல்கிறேன். தோரியமும் யுரேனியமும் சிதையும்போது ரேடன் வகை வாயு வருகிறது. திறந்த வெளியில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும், வளைக்குள் அது தேங்கும். அழுங்கு, முள்ளம்பன்றி, எலி எல்லாம் அதைச் சுவாசித்துக்கொண்டே உறங்குகின்றன, குட்டியும் போடுகின்றன. ஆள் நெஞ்சு உயரத்தில் கருவியைப் பிடித்து அளந்த எண் ஜீப்பில் வந்தவருக்கு உரியது, வளைக்குள் இருக்கும் எலிக்கு உரியதல்ல.

இனி நான் கேட்பது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் தோரியம் கூடிய சரளை நிலங்கள் எவை என்று புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்குத் தெரியும். அவற்றில் சிலவற்றையும், அதே உயரம், அதே மழை, அதே வகைக் காடு உள்ள ஆனால் தோரியம் குறைந்த இடங்களையும் சோடி சோடியாகத் தெரிவு செய்யுங்கள். கருவியை வளைக்குள் வையுங்கள். எலிகளில் கரு எத்தனை, கரைந்த கருவின் தழும்பு எத்தனை என்று பாருங்கள். மாணிக்கம் அரித்த பின் குழி ஓரத்தில் தங்கும் கறுப்பு மணலையும் விட்டுவிடாதீர்கள், தோரியனைட் முதலில் கண்ணில் பட்டதே மாணிக்கச் சரளையில்தான். ஒரு வருஷம் செய்து அறிக்கை போட்டுவிட்டுப் போவதில் அர்த்தமில்லை, மழை தப்பிய ஒரு வருஷமே எலிக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

குருவிக்கு இங்கே அருமையான வாய்ப்பு இருக்கிறது. செர்னோபில் சண்டையின் கதாநாயகனான தகைவிலானுக்கு நம் மலையில் ஒரு சொந்தக்காரன் உண்டு, மலைத் தகைவிலான். குளிர்காலத்தில் வந்து போகும் விருந்தாளி இல்லை, இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் முகட்டிலும் பாலத்துக்கு அடியிலும் சேற்றால் கிண்ணம் போலக் கட்டியிருக்கும். கிட்டத்தட்ட ஒவ்வொரு தோட்டத்திலும் ஆளும் இருக்கிறது, கூரையும் இருக்கிறது. செர்னோபிலில் வந்த அந்தக் குழப்பம், ஊர் வெறிச்சோடியதா கதிர்வீச்சா என்ற குழப்பம், இங்கே வராது. முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, பறந்தது எத்தனை என்று பாடசாலைப் பிள்ளைகளே எழுதுவார்கள். (செர்னோபில் குருவிகள் இங்கே வருகின்றனவா என்று சிலர் கேட்கிறார்கள். ஐரோப்பியக் கூட்டம் குளிருக்கு ஆபிரிக்காவுக்குப் போகிறது. நம்மிடம் வருபவை பெரும்பாலும் ஆசியாவின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வருபவை.)

பெரிய மிருகங்களுக்காக ஒன்றையும் கொல்ல வேண்டியதில்லை, அவை ஏற்கெனவே செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்குக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நாடே பார்த்தது, சில நாளில் அது இறந்துபோனது. பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது, மரை மாட்டுகிறது. வெளிப்படையாகவே சொல்கிறேன், இந்த மலைகளின் மிருகங்களுக்கு முதல் எதிரி கம்பிதான், அடுத்தது துண்டு துண்டான காடு, கதிர்வீச்சு அந்த வரிசையில் எங்கோ பின்னால் நிற்கிறது. ஆனாலும் செத்த உடம்பை மிருக வைத்தியர் அறுத்துப் பார்க்கும்போது கருப்பையையும் விதைப்பையையும் பார்த்து, இடத்தோடு சேர்த்து ஒரு வரி எழுதி வைக்கலாமே. ஜப்பானின் புகுஷிமாவில் அப்படித்தான் செய்தார்கள். பயிர்ச் சேதத்துக்காக அதிகாரிகள் கொன்ற குரங்குகளின் கருக்களை அளந்து பார்த்ததில், 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு உருவான கருக்களில் உடல் வளர்ச்சியும் தலை அளவும் முன்னையவற்றை விடக் குறைவு என்று 2017இல் வெளியிட்டார்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம், விபத்துக்கு முந்திய வருஷங்களின் கருக்களும் கையில் இருந்தன. நம்மிடம் என்ன இருக்கிறது? மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கூடங்குளம் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கேயும் அணு மின்சாரம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. நாளைக்கு ஏதாவது நடந்தாலும், ஒன்றும் நடக்காமலே வதந்தி மட்டும் பரவினாலும், இரண்டுக்கும் பதில் இன்றைய கணக்கில்தான் இருக்கும்.

களைநாசினியையும் சேர்த்தே அளக்க வேண்டும். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். எந்த மலையில் எப்போது எது அடித்தார்கள் என்று தெரியாமல் தவளை முட்டையைப் பற்றிப் பேசுவது வீண்.

இவற்றில் ஏதாவது உங்கள் அலுமாரியில் ஏற்கெனவே இருந்தால் நல்லது, மூன்று மொழியிலும் வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் தொடங்குங்கள். ஆனால் வருவதற்கு முன் இரண்டு விஷயத்துக்கு வாக்குத் தர வேண்டும்.

முதலாவது, எங்கள் பிள்ளைகள் பெட்டி தூக்க மட்டும் வரமாட்டார்கள். இந்த மலைகளில் எந்தப் பொந்தில் எது குட்டி போடும் என்று கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்கும் கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாருக்கும் தெரியும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு வழி காட்டி, கூடு காட்டி, ஒரு வருஷம் முழுக்க உழைத்த பையன்களின் பெயர் கட்டுரையில் எங்கேயும் இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். முடிவும் அவர்களுக்கு வந்து சேரவில்லை. அரைப்பேர் போடும், அதாவது அரை நாள் கூலி மட்டும் எழுதும், தோட்டத்து வழக்கத்தை ஆராய்ச்சிக்கும் கொண்டுவராதீர்கள். பயிற்சி கொடுங்கள், முழுச் சம்பளம் கொடுங்கள், கட்டுரையில் பெயரைப் போடுங்கள்.

இரண்டாவது நிலம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இதைப் பேசினால் வரும் முதல் கேள்வி எலியைப் பற்றியது இல்லை. "கதிர்வீச்சுன்னு சொல்லி நம்மள கிளப்பிருவாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. மண் சரியும் என்று முன்கூட்டியே எச்சரித்த இடத்தில்தான் 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போயின. போக வேறு காணி கொடுக்காமல் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம். எலிகளில் ஏதாவது கண்டால் அதைக் காட்டிக் காணி உறுதியை இழுத்தடிக்க மாட்டோம், மனிதர் வாழும் இடத்தைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் மனிதர் வாழும் இடத்தைத் தனியாக அளந்து, மாற்றுக் காணியோடுதான் சொல்வோம் என்று எழுத்தில் தாருங்கள். அந்தக் கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டக் காரியாலயப் பலகையில் ஒட்டப்பட்ட பிறகு கருவியோடு வாருங்கள். ஸ்டோர் கூரையில் ஏற ஏணி எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்